ஒரு சாண் கூடுதல்

பாசிர் ரிஸிலிருந்து பொங்கோலுக்கு ஒரே பஸ். நடுவில் இறங்கி மாற வேண்டியதில்லை. சாலை காலியாக இருந்தால், ஒரு நாளிதழைப் புரட்டி முடிப்பதற்குள் கொண்டுபோய் விட்டுவிடும். கல்யாணமாகிப் பொங்கோலில் குடியேறிய பிறகு அந்தப் பாதையில் எத்தனையோ முறை போய் வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சித்தப்பா அம்மாவிடம் கேட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வரும். “பொங்கோல் தூரமா அண்ணி?” அப்போது எனக்குப் பத்து வயது. தூரத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் வீடு பாசிர் ரிஸில் ஒன்பதாவது மாடியில் இருந்தது. அப்பா சரக்குக் கப்பலில் பொறியாளர். ஆண்டில் பாதிக்கு மேல் கடலில் இருப்பார். வீட்டுக்கு வரும்போது, தேத்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று விருந்தாளிபோல் கேட்பார். அம்மா மருத்துவமனையில் தாதி. காலை, மாலை, இரவு என்று அவருடைய வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில் சித்தப்பா இருந்தார். அப்பாவின் தம்பி; எங்களோடுதான் குடியிருந்தார். மின்தூக்கி பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. மாடிக்கும் மாடிக்கும் நடுவில் நின்றுபோன மின்தூக்கிகளுக்குள்ளிருந்து ஆட்களை வெளியே எடுப்பார்.

பள்ளி விட்டதும் நான் மாணவர் பராமரிப்பு நிலையத்துக்குப் போவேன். மாலை ஆறரைக்கு அதைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் வந்து என்னைக் கூட்டிப்போவது சித்தப்பா. யாரும் அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்ததாக நினைவில்லை. அவர்தான் வருவார், எனக்குத் தெரிந்து எப்போதும் அவர்தான் வந்தார்.

சிகரெட்டை விட்டபோதுதான் சித்தப்பா கம்பளி பின்ன ஆரம்பித்தார். முதல் சில வாரங்கள் அவர் கை எதையாவது பிய்த்துக்கொண்டே இருந்தது. தண்ணீர்ப் புட்டியின் லேபிள், நாளிதழின் ஓரம், ஒருமுறை என் கணக்குப் புத்தகத்தின் அட்டை. “வாய் அடங்கிடுச்சு அண்ணி, கைதான் கேக்க மாட்டேங்குது” என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு எங்கோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, இரண்டு மூங்கில் ஊசிகளும் ஒரு உருண்டைக் கம்பளியும் வாங்கி வந்தார். அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரயிலில் பின்னினார். எதிரில் இருப்பவர்கள் முதலில் ஊசியைப் பார்ப்பார்கள், பிறகு அவர் மீசையைப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் கைபேசிக்குத் திரும்பிவிடுவார்கள்.

அம்மாவுக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது.

“இந்த வெயில்ல கம்பளியாம். உங்க அண்ணன்கிட்ட ஃபோன்ல சொன்னா கப்பலே ஆடுற மாதிரி சிரிக்கிறாரு.”

“வெளியதான் வெயில் அண்ணி. உள்ள? பஸ்ஸுல குளிரு, சினிமால குளிரு, லைப்ரரில குளிரு, ஆபீஸ்ல குளிரு. சொல்லப்போனா நாம குளிர் தேசம்லா.”

அது பொய்யில்லை. எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் கைப்பையில் ஒரு குளிர்ச்சட்டையை மடித்து வைத்துக்கொண்டுதான் வெயிலில் நடக்கிறார்கள்.

அவர் முதலில் பின்னி முடித்தது நாற்காலிக் கால்களுக்கான காலுறைகள். நாற்காலியை இழுக்கும் சத்தம் தாங்கவில்லை என்று கீழ்வீட்டுச் சீனப் பெண்மணி இரண்டு முறை மேலே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாப்பாட்டு மேசையின் எல்லா நாற்காலிகளுக்கும் சிவப்பிலும் பச்சையிலும் காலுறை மாட்டிவிட்டார் சித்தப்பா. சத்தம் நின்றது. சீனப் புத்தாண்டுக்கு அந்தப் பெண்மணி ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, குனிந்து நாற்காலிக் கால்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். “மனுஷங்க வெறுங்கால்ல நடக்குற வீட்ல நாற்காலிக்கு சாக்ஸ்” என்று அம்மா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் மாதம் ஒருமுறை அவற்றைக் கழற்றித் துவைத்து மாட்டியது அம்மாதான்.

துவைத்த கம்பளியைக் காயவைக்கும் முறையையும் சித்தப்பாதான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் வீட்டில் துணி காய்வது சமையலறை ஜன்னலுக்கு வெளியே. சுவரில் பதித்த குழாய்களில் மூங்கில் கழிகளைச் செருகினால், அவை கார்நிறுத்துமிடத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். சட்டைகளை அம்மா தலைகீழாகத்தான் மாட்டுவார். கீழ் ஓரத்தைக் கழியில் வைத்துக் கிளிப் போடுவார்; தோளில் கிளிப்பின் தடம் விழாது. கம்பளிக்கு அது ஆகாது என்றார் சித்தப்பா. “ஈரக் கம்பளி தண்ணியோட கனத்துக்கு நீண்டுக்கும் அண்ணி. துண்டுல படுக்க வெச்சு, என்ன வடிவம் வேணுமோ அப்படித் தட்டிவிடணும்.” எனக்குப் பின்னிக்கொடுத்த மஞ்சள் தொப்பியை அம்மா ஒவ்வொரு முறையும் அப்படித்தான் காயவைத்தார். மேசையில் துண்டை விரித்து, தொப்பியை நடுவில் வைத்து, உள்ளங்கையால் சுற்றிலும் தட்டி வட்டமாக்குவார். கட்டுப் போட்டுப் பழகிய கை. சித்தப்பாவைவிட நன்றாகச் செய்தார்.

ஒருநாள் வெளிநாட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே நல்ல கம்பளி, சாயம் போன பள்ளிச் சீருடையின் நீலத்தில். ஸ்வெட்டர் பின்னப்போவதாகச் சித்தப்பா சொன்னார். முன்பக்கம் திறந்து பொத்தான் போடுவது.

“யாருக்கு?” என்று அம்மா கேட்டார்.

“ஆபீஸ்ல ஒரு ஆளுக்கு. ஏர்கானுக்கு நேர் கீழ சீட்டு. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு ஃபோன் போடுறவங்களுக்கு தைரியம் சொல்லணும், இவங்களுக்கே பல்லு தந்தி அடிக்குது.”

“ஆளுன்னா? ஆம்பளையா, பொம்பளையா?”

“ஆளு அண்ணி.” சித்தப்பா கண்ணிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார்.

அந்த ஆளின் குரல் எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போகும் வழியில் சித்தப்பாவின் கைபேசி அடிக்கும். எந்தப் புளோக், எந்த மாடி, உள்ளே எத்தனை பேர் என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொல்லும். ‘உள்ள ஒரு பாட்டி இருக்காங்க, பயப்படல, கோபமா இருக்காங்க, சீக்கிரம் போங்க’ என்று ஒருமுறை சொன்னது. கேட்டுவிட்டுச் சித்தப்பா வெகுநேரம் சிரித்துக்கொண்டே நடந்தார்.

ஸ்வெட்டரின் உடல் பாகம் வளர்ந்து தோளைத் தொட்டதும் ஒரு சிக்கல் வந்தது. கை நீளம் தெரியவில்லை. கேட்டால் விஷயம் வெளியாகிவிடும். அதற்குச் சித்தப்பா ஒரு திட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பொத்தான் வாங்க லிட்டில் இந்தியா போவது, என்னையும் கூட்டிப்போவது. ரயிலில் எனக்குப் பாடம் நடந்தது.

“ஒரு அக்கா வருவாங்க. யார் கை நீளம்னு பாப்போமான்னு கேளு. சும்மா கேக்குற மாதிரி கேக்கணும்.”

“சும்மா எதுக்கு சித்தப்பா அப்படிக் கேக்கணும்?”

“அதான் சும்மான்னு சொன்னேன்ல.”

தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் சாமான்கள் விற்கும் கடை. தரையிலிருந்து உத்தரம்வரை அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பொத்தானை ஒட்டியிருந்தார்கள். நாங்கள் உள்ளே நுழைந்து கொஞ்ச நேரத்தில், வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருந்த பையோடு ஓர் அக்கா வந்து நின்றார். ஒல்லியாக, சித்தப்பாவைவிட ஒரு விரல்கடை உயரமாக இருந்தார்.

“அட, நீங்க எங்க இந்தப் பக்கம்?” என்றார் சித்தப்பா.

“பதினோரு மணிக்கு பொத்தான் கடைக்குப் போறேன், பொத்தான் கடைக்குப் போறேன்னு வெள்ளிக்கிழமை மூணு தடவ சொன்னது யாரு?”

அதே குரல். சித்தப்பா பொத்தான் பெட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் வேலையைச் செய்தேன். “அக்கா, யார் கை நீளம்னு பாப்போமா?”

அக்கா என்னைப் பார்த்தார், சித்தப்பாவின் முதுகைப் பார்த்தார். “சித்தப்பா சொல்லிக் கொடுத்தாரா?”

“இல்ல, சும்மா.”

“சும்மான்னா சரி.” பையைக் கீழே வைத்துவிட்டு முட்டி போட்டு என் தோளோடு தோள் சேர்த்துக் கையை நீட்டினார். நானும் நீட்டினேன். என் மணிக்கட்டு முடிந்த இடத்திலிருந்து அவர் மணிக்கட்டுவரை விரலை விரித்து அளந்தேன். சரியாக என் கையால் ஒரு சாண். நான் அளந்து முடித்த பிறகும் அவர் கையை மடக்கவில்லை. “நல்லா அளந்துக்கிட்டியா? மறந்துட மாட்டியே?” என்று கேட்டார்.

கடைக்காரர் நாலைந்து பெட்டிகளை இறக்கி வைத்தார். சித்தப்பா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அக்கா தேங்காய் ஓட்டில் செய்த ஒரு பொத்தானைத் தொட்டுக் காட்டினார். “யாருக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்கா இருந்தா இதத்தான் எடுப்பேன்.” சித்தப்பா வேறு எதையும் பார்க்காமல் அதையே கட்டச் சொன்னார்.

அதற்கப்புறம் பல மாலைகள் ஸ்வெட்டரின் கை என் கைமேல் வளர்ந்தது. பராமரிப்பு நிலையத்திலிருந்து வந்ததும் சித்தப்பா என்னை ஜன்னலோரம் நிறுத்தி, பின்னிய பாகத்தைத் தோளிலிருந்து பிடித்துப் பார்ப்பார். என் மணிக்கட்டை அது தாண்டிய நாளில் நான் சாண் வைத்தேன். “இன்னும் கொஞ்சம்” என்றேன். எனக்கு அந்த வேலையில் மிகுந்த பெருமை இருந்தது. எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

இரண்டாவது கையும் முடியும் தறுவாயில்தான் சித்தப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். அம்மா அன்று மீன் வறுத்திருந்தார். சித்தப்பா முள்ளை எடுத்து என் தட்டில் சதையைப் போட்டுக்கொண்டே, யாரிடமோ கேட்பதுபோல் கேட்டார்.

“பொங்கோல் தூரமா அண்ணி?”

“எதுக்கு?”

“புது வீடு கட்டுறாங்களாம். எழுதிப் போடலாமான்னு ஒரு யோசனை.”

அம்மா குழம்புக் கரண்டியைக் கையில் எடுத்தார். பிறகு, “உங்களுக்கு முப்பத்து மூணுதானே தம்பி ஆகுது” என்றார்.

“ஆமா அண்ணி.”

“தூரம்னு இல்ல. ஒரு பஸ்தான்.” அம்மா குழம்பை எனக்கு ஊற்றினார். “அடுத்த மாசத்துல இருந்து எனக்கு நைட் ஷிஃப்ட் கூட வருது. சிஸ்டர்கிட்ட கேட்டுப் பாத்தேன். மாத்த முடியாதுன்னுட்டாங்க.”

“தெரியும் அண்ணி. சொன்னீங்க.”

பத்து வயதில் எனக்கு அது தொடர்பில்லாத மூன்று பேச்சாகக் கேட்டது: வீடு, வயது, அம்மாவின் வேலை. எங்கள் ஊரில் வளர்ந்த எவருக்கும் அது ஒரே பேச்சு. கல்யாணமாகாத தனி ஆள் முப்பத்தைந்து வயதாகாமல் அரசாங்க அடுக்குமாடி வீடு வாங்க முடியாது. முப்பத்து மூன்று வயது ஆண் புது வீட்டுக்கு எழுதிப் போடப் போகிறான் என்றால், படிவத்தில் இன்னொரு பெயர் இருக்கப்போகிறது என்று பொருள். இங்கே எத்தனையோ பேர் ஒரு பெண்ணிடம் சம்மதம் கேட்பதே ‘வீட்டுக்குப் போடலாமா’ என்றுதான். சித்தப்பா அம்மாவிடம் அனுமதி கேட்டார். அம்மா, இரவில் என்னைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாத தன் நிலைமையைச் சொன்னார். நான் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஸ்வெட்டர் முடிந்தது. பொத்தான்களையும் தைத்துவிட்டார். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் குளியலறையில் ஒரு வாளியில் அதை நனைத்து வைத்தார். பின்னி முடித்ததை ஒருமுறை நனைத்து எடுத்தால்தான் கண்ணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உட்காரும். அன்று அம்மாவுக்கு விடுமுறை. “வாளில இருக்கு அண்ணி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். துண்டைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அம்மாவுக்கு விடுமுறையான நாட்களில் நான் பராமரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. மதியம் பள்ளி விட்டு வரும்போது கீழே கார்நிறுத்துமிடத்திலிருந்தே பார்த்துவிட்டேன். ஒன்பதாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, மூங்கில் கழியில், நீல ஸ்வெட்டர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கைகள் இரண்டும் தரையைப் பார்த்து நீண்டிருந்தன. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூடத் தெரிந்தது. அவ்வளவு உயரத்தில், அத்தனை வெயிலில், அது மிக அழகாக இருந்ததாக நினைத்தேன்.

மேலே வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். “துண்டுல போடணும்னு சித்தப்பா சொன்னாருல்ல?”

அம்மா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “அது சின்னது. இது பெருசு.”

எனக்குத் திருப்தியாக இருந்தது. தொப்பி சின்னது, ஸ்வெட்டர் பெரியது, துண்டு போதாது. நான் சீருடையை மாற்றப் போய்விட்டேன்.

சித்தப்பா மாலையில் வந்தார். அவரும் கீழேயிருந்து பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்குள் வரும்போது அவசரம் எதுவும் தெரியவில்லை. கால் கழுவிவிட்டு, சமையலறைக்குப் போய், கழியை உள்ளே இழுத்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஸ்வெட்டரை மேசையில் விரித்தார். என்னைக் கூப்பிடவில்லை, நானே போய்க் கையை நீட்டி அதன் கையோடு வைத்தேன். என் மணிக்கட்டுக்கு மேல் ஒரு சாண் வைத்தேன். அதற்கு மேலும் இருந்தது. இன்னொரு சாண் வைத்தேன்.

“ரெண்டு சாண் இருக்கு சித்தப்பா.”

“ம்.”

“நான் அம்மாகிட்ட சொன்னேன், துண்டுலதான் போடணும்னு.”

அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார். குக்கர் சத்தம் போட இன்னும் நேரம் இருந்தது. வீட்டில் வேறு சத்தம் இல்லை. நாற்காலிகளும் காலுறை போட்டிருந்தன. சித்தப்பா அம்மாவின் முதுகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பெருசுக்கெல்லாம் துண்டு பத்தாதுடா” என்றார். “பரவால்ல அண்ணி. என் தப்புதான், நான் வந்து எடுத்திருக்கணும்.”

“பாப்பாவுக்கு இருமல் மருந்து தீந்துபோச்சு” என்றார் அம்மா திரும்பாமல். “நாளைக்கு வாங்கிட்டு வரணும்.”

“வாங்கிட்டு வர்றேன் அண்ணி.”

பெரியவர்கள் இரண்டு பேரும் ஒரே காரணத்தைச் சொன்னதால், அது சரியான காரணம் என்று நான் எடுத்துக்கொண்டேன். வெகுநாள் கழித்து, கம்பளியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த பிறகுதான் யோசித்தேன். துண்டு பத்தாவிட்டால் இரண்டு துண்டு விரிக்கலாம். எங்கள் வீட்டில் துண்டுக்குப் பஞ்சமில்லை. அம்மாவுக்கும் அது தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும். இன்னொன்றையும் யோசித்தேன். நீண்டுபோன ஸ்வெட்டரை மறுபடி நனைத்து, துண்டில் வைத்து உள்நோக்கித் தட்டினால் பெரும்பாலும் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் கையின் நுனியிலிருந்து ஒரு சாண் பிரித்து முடிச்சுப் போட்டுவிடலாம். ஒரு மாலை வேலை. ஒரு கண்ணி தவறியதற்காக முதுகுப் பாகம் முழுவதையும் முகம் சுளிக்காமல் பிரித்துப் பின்னியவர் அவர். அன்று அதை மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, தன் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

அம்மா கெடுத்தது ஒரு ஸ்வெட்டரை. சித்தப்பாவைத் தடுத்து நிறுத்த அதுவே போதும் என்று, அத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். வாயால் கேட்க முடியாததை நூலால் கேட்கப் போனவர் சித்தப்பா. அந்த நூலும் போனால் வேறு வழி தேடமாட்டார். அல்லது அம்மா எதையும் திட்டமிடாமல், பழக்கத்தில் கை போன போக்கில் கழியில் மாட்டியிருக்கலாம். நான் கேட்டதில்லை. அந்த ‘நிமிரவில்லை’ மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, சித்தப்பா குளித்துக்கொண்டிருந்தபோது அவர் கைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

“யாரு, சாண் போட்ட பாப்பாவா?” அதே குரல். பின்னாலே வேறு தொலைபேசிகள் அடித்துக்கொண்டிருந்தன. “சித்தப்பா இருக்காரா?”

“குளிக்கிறாரு அக்கா. எந்த புளோக்னு சொல்லுங்க, நான் சொல்றேன்.”

“புளோக் எல்லாம் இல்ல.” இருமினார். “நான் இன்னும் ஏர்கானுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன்னு சொல்லு. அவ்வளவுதான்.”

நான் ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். சித்தப்பா தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். “ம்” என்றார். அத்தனை குளிராக இருந்தால் அந்த அக்கா வேறு இடம் மாறி உட்கார வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடமும் சொன்னேன்.

“மாறிடுவாங்க” என்றார்.

ஆண்டுக் கடைசி மழை நாளொன்றில் சித்தப்பா அந்தப் பையை இறக்கினார். தேங்காய் ஓட்டுப் பொத்தான்களை வெட்டி ஒரு கிண்ணத்தில் போட்டார். நுனியைத் தேடி எடுத்து இழுத்தார். பின்னுவதைவிடப் பிரிப்பது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று எனக்கு வியப்பாக இருந்தது. பிரிந்து வந்த நூல் நேராக இல்லை. கண்ணிகளின் சுருளை அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. அதை என் இரண்டு கைகளிலும் சுற்றினார். “யாருக்கு சித்தப்பா இப்ப?” என்று கேட்டேன்.

“உனக்குத்தான். உங்க சென்டர்லயும் ஏர்கான் இருக்குல்ல.”

அந்த ஸ்வெட்டரை நான் பல ஆண்டுகள் போட்டேன். வளரும் பிள்ளை என்பதால் கையை நீளமாகப் பின்னி, நுனியை மடித்துவிட்டிருந்தார். பொத்தான்கள் அதே பொத்தான்கள். அம்மா அதைத் துவைத்தபோதெல்லாம் இரண்டு துண்டு விரித்துப் படுக்கவைத்தார். ஒருமுறைகூடக் கழியில் மாட்டவில்லை.

அடுத்த ஆண்டு சித்தப்பாவின் அலுவலகத்திலிருந்து ஒரு கல்யாண அழைப்பு வந்தது. அம்மாவுக்கு வேலை. சித்தப்பா என்னைக் கூட்டிப் போனார். செராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். உள்ளே ஏர்கான் அப்படிக் குளிர்ந்தது. பட்டுப் பாவாடைக்கு மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். மேடைக்குப் பக்கத்தில் வந்ததும்தான் மணப்பெண் அந்த அக்கா என்று தெரிந்தது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சித்தப்பா மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா குனிந்து என் ஸ்வெட்டரின் முதல் பொத்தானை இரண்டு விரல்களால் பிடித்துப் பார்த்தார்.

“நல்லா இருக்கே. கை சரியா இருக்கா?”

“ஒரு சாண் கூட விட்டிருக்காரு” என்று சொல்லி, மடிப்பை அவிழ்த்துக் காட்டினேன். கம்பளி என் விரல்களைத் தாண்டித் தொங்கியது. அக்கா அதைப் பார்த்தார். பிறகு வளையல் நிறைந்த கையால், பின்னால் வரிசை காத்திருக்க, அந்த நுனியை மறுபடி ஒழுங்காக மடித்து என் மணிக்கட்டுவரை ஏற்றிவிட்டார்.

இப்போது சித்தப்பாவுக்கு ஐம்பது நெருங்குகிறது. அப்பா கப்பலை விட்டுவிட்டார், அம்மா ஓய்வுபெற்றுவிட்டார். மூன்று பேரும் பாசிர் ரிஸில் அதே ஒன்பதாவது மாடியில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஒரு பஸ்ஸைப் பிடித்து நான் போகிறேன். அவர் நாற்காலிகளுக்குப் புதுக் காலுறை பின்னிக்கொண்டிருப்பார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பார். அவர்கள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அதை அவர்கள் பேச வேண்டியிருந்த நாளிலும் பேசவில்லை.

அந்தக் கல்யாண நாளில் நாங்கள் மேடையை விட்டு இறங்குமுன் அக்கா என்னிடம் இன்னொன்று கேட்டார். “சித்தப்பாவா பின்னிக் கொடுத்தாரு?”

“ஆமா” என்றேன், மண்டபத்துச் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தி. “எனக்காகச் செஞ்சாரு.”

நான் சொன்னது உண்மைதான். என்ன செய்தார் என்பது மட்டும் அன்று எனக்குத் தெரியாது.